ஒத்திகையில் வைத்த நிய்யத்து

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்ப்பார்கள். அத்தா தேரடிப் பக்கம் வாசனைச் சாமான் கடை வைத்திருந்தார். ஊதுபத்தி, சாம்பிராணி, பன்னீர், அத்தர், ஜவ்வாது. கோயிலுக்கு வருகிறவர்கள்தான் முக்கால்வாசி வாடிக்கை. கடை சின்னது, சரக்கு பெரியது. அதனால் பாதிச் சரக்கு எங்கள் வீட்டு உள்ளறையில் கிடக்கும். எங்கள் தலையணை மணக்கும், பள்ளிக்கூடப் பை மணக்கும், சில நாள் ரசமே மணக்கும். பிளஸ் டூவில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், "உன் நோட்டைத் தொறந்தா கண்ணை மூடிக் கும்புடணும் போல இருக்குடி" என்பாள்.

அந்த வீட்டில் அம்மாவின் வேலை ஜவ்வாது அடைப்பது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முறத்தில் சின்னச் சின்னச் சிமிழ்களைப் பரப்பிவைத்துக்கொண்டு, தூளை அளவாக நிரப்பி, மூடியைக் கட்டைவிரலால் அழுத்துவாள். ஒரு அழுத்துதான். அதற்கப்புறம் அந்த மூடியைத் திறக்க ஆண்பிள்ளை வேண்டும். "உங்க ஜவ்வாது நல்லாருக்கு பாய், தொறக்கத்தான் முடியல" என்று கடைக்கு வந்து சொன்னவர்கள் உண்டு. அத்தா அதை வீட்டில் வந்து சொன்னால் அம்மா பதிலுக்கு நாலு சொல்வாள். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதே அப்படித்தான். அவர் ஒன்று சொல்ல, அவள் நாலு சொல்ல, சாயங்காலம் ஆகிவிடும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டு, மிச்ச நேரத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டு, யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுக்க மாட்டோமா என்று துடித்துக்கொண்டிருந்தேன். அத்தாவும் அம்மாவும் ஹஜ்ஜுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். பம்பாயிலிருந்து கப்பலில் போக வேண்டும். கப்பலில் இருக்கிற இடத்தைவிட எழுதிப் போட்டவர்கள் ஜாஸ்தி. குலுக்கலில் எங்கள் வீட்டுப் பெயர்கள் வரவில்லை. யாராவது நின்றுபோனால் அந்த இடம் கிடைக்கலாம், பதில் வரும்வரை இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அத்தா காத்திருந்தார். அம்மாவும் காத்திருந்தாள். எனக்குத்தான் அது வராது. இடம் கிடைத்த பிறகு அவசர அவசரமாகப் படித்தால் எல்லாம் மறந்துபோகும் என்று சொல்லி, தமிழில் அச்சடித்த ஹஜ் வழிகாட்டி ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து வாத்தியாரம்மா ஆகிவிட்டேன். அத்தா ஒரு நாள் உட்கார்ந்தார். மறுநாள், "ஆடி மாசம், கடையில கூட்டம், நீ உங்கம்மாவுக்கு நடத்து. அவ எனக்குச் சொல்லிக்குடுப்பா" என்று தப்பித்துக்கொண்டார்.

எனக்குப் பிடித்த பாடம் முதல் பாடம்தான். எங்கிருந்து புறப்பட்டாலும் புனிதப் பயணம் ஆரம்பமாவது வீட்டு வாசலில் இல்லை, துறைமுகத்தில் இல்லை. மனதில் உறுதி வைக்கிறோமே, அந்த நிய்யத்தில்தான் ஆரம்பம். மனதில் நினைத்து, "லப்பைக்", அதாவது "இதோ வந்துவிட்டேன்" என்று வாயால் சொல்லிவிட்டால், அந்த நிமிஷத்திலிருந்து இஹ்ராம் என்ற கட்டுப்பாடு. வாசனை கூடாது. முடி, நகம் வெட்டக் கூடாது. உயிரைக் கொல்லக் கூடாது. சண்டை கூடாது. கணவன் மனைவி தனித்தனியாகப் படுக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை மட்டும் நான் வேகமாகப் படித்துவிட்டுத் தாண்டுவேன். கப்பல் யலம்லம் என்கிற எல்லையை நெருங்கும்போது ஊதல் ஊதுவார்கள், அதில் போகிறவர்கள் அப்போது நிய்யத்து வைப்பார்கள். உள்ளே போய்விட்டால் வேலையை முடிக்காமல் வெளியே வர முடியாது.

"ஆம்பளைங்களுக்குத் தையல் போடாத வெள்ளைத் துணி ரெண்டு" என்று நான் விளக்கினேன். அது ஏற்கெனவே வாங்கித் துவைத்துக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு?" என்றாள் அம்மா.

"உனக்குத் தனியா துணி கெடையாது. சாதாரண துணிதான். பொம்பளைக்கு மனசுதான் இஹ்ராம்."

அம்மா கொடியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "அவருக்கு மட்டும் ரெண்டு," என்றாள். சிரித்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் முழு ஒத்திகை வைத்தேன். கூடத்தின் நடுவில் அரிசி டின்னை நகர்த்திவைத்து, அதன்மேல் அத்தாவின் குடையிலிருந்து பிரித்த கறுப்புத் துணியைப் போர்த்தினேன். அது கஅபா. சமையலறை வாசற்படி ஒரு குன்று, கிணற்றடி இன்னொரு குன்று. அம்மா அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள். ரெண்டு ரக்அத் தொழுதாள். தொழுத இடத்திலேயே உட்கார்ந்தாள். நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள்.

"யா அல்லாஹ், நான் உம்ராவுக்கு நிய்யத்து வைக்கிறேன். அதை எனக்கு லேசாக்கிக் கொடு. என்கிட்டேயிருந்து ஏத்துக்க."

உம்ரா என்பது ஹஜ்ஜுக்கு முன்னால் செய்கிற சிறிய பயணம். அங்கே போனவுடன் கஅபாவைச் சுற்றி, குன்றுகளுக்கிடையே நடந்து, முடியில் கொஞ்சம் கத்தரித்தால் முடிந்துவிடும். அம்மா அதைச் சொல்லும்போது குரல் ஒரு இடத்தில் நின்றது. சொல் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, தானே முடித்தாள். அப்புறம் லப்பைக் சொன்னாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள். என் மாணவி தேறிவிட்டாள் என்று எனக்குப் பெருமை.

அரிசி டின்னைச் சுற்றினோம். கிணற்றடிக்கும் சமையலறைக்கும் நடந்தோம். கடைசியில் நான் கத்தரிக்கோலை எடுத்து, "இப்ப நுனி முடியில விரக்கடை அளவு. சும்மா காத்துல வெட்டுறேன், காட்டு" என்று அவள் பின்னலை எடுத்தேன். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இப்ப வேணாம்."

"சும்மாம்மா."

"வேணாம்டி. கத்திரிக்கோலை அங்க வெய்யி."

எனக்குப் புரியவில்லை. சாயங்காலமே புரிந்துவிட்டது. பூக்காரம்மா வந்தாள். தினம் எங்கள் தெருவுக்கு முதல் பூ அம்மாவுக்குத்தான். ரெண்டு முழம் மல்லியைக் கிள்ளி நீட்டினாள். அம்மா கையை நீட்டவில்லை.

"இன்னிக்கு வேணாம்மா."

"இன்னாக்கா, வாடிப்போச்சா? இப்பத்தான கட்டிகினு வரேன்."

"பூவுக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கும் வேணாம். நான் சொல்றவரைக்கும் வேணாம்."

பூக்காரம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "யார்னா புதுசா வந்து கம்மி வெலைக்குக் குடுக்குறாளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அம்மா அவளைக் கூப்பிட வாயெடுத்து விட்டுவிட்டாள். உள்ளே வந்தால் முறத்தில் சிமிழ்கள் அப்படியே கிடக்கின்றன. ஜவ்வாது டப்பாவின் மேல் ஈரத்துணி போட்டு மூடியிருந்தது.

நான் அவள் முன்னால் போய் நின்றேன். "அம்மா. நீ நெஜமாவே வெச்சிட்டியா?"

அவள் தலையாட்டினாள். தப்புச் செய்து மாட்டிக்கொண்ட முகமில்லை. யாரும் பார்க்காதபோது எதையோ வாங்கி முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்ட முகம்.

கப்பலில் இன்னும் சீட்டே வரவில்லை. வராமலே போய்விட்டால்? முடிக்காமல் வெளியே வர முடியாது என்று நான்தானே குரலை உயர்த்திப் பாடம் நடத்தினேன். பம்பாய் எங்கே, மக்கா எங்கே, இவள் திருவண்ணாமலையில் அரிசி டின் பக்கத்தில் நிய்யத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் எனக்கு மூளை வேகமாக ஓடும். வழி கண்டுபிடித்துவிட்டேன்.

"அம்மா, அது ஒத்திகை. ஒத்திகையில சொன்னா கணக்கில்ல. சினிமாவுல தாலி கட்டுனா கல்யாணம் ஆயிடுமா?"

"அவங்களுக்கு நடிக்கிறோம்னு தெரியும்ல."

"உனக்கும் தெரியும்."

"ஆரம்பிக்கிறப்ப தெரிஞ்சுது," என்றாள். "லேசாக்கிக் கொடுன்னு ஒரு வரி வந்துச்சு பாரு. அதுவரைக்கும் நீ சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன். அந்த வரி வந்ததும் எனக்கு நெஜமாவே கேக்கணும்னு வந்துடுச்சு. கேட்டுட்டேன். கேட்டதுக்கப்புறம் சும்மா கேட்டேன்னு எப்படிடி சொல்றது?"

டைப்ரைட்டிங் வகுப்பில் நாங்கள் தினம் கடிதம் அடிப்போம். ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது, சரக்கை அனுப்பிவைக்கிறோம் என்று இல்லாத கம்பெனிக்கு இல்லாத கம்பெனியிலிருந்து. அடித்து முடித்ததும் டீச்சர் தப்புகளைச் சுழித்துவிட்டு மூலையில் போடுவார். அம்மா அந்த மாதிரி ஒரு கடிதத்தை எடுத்து உறையில் போட்டு, ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து நிற்கிறாள். இனி பெட்டியில் கைவிட்டு எடுக்க முடியாது.

அத்தா வந்ததும் சொன்னோம். அவர் முதலில் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சட்டைப் பொத்தானைக் கழற்றியவர் திரும்பப் போட்டுக்கொண்டு, "வா," என்று என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தார். அங்கே தொழுகை நடத்தும் ஹஜ்ரத், சாயங்கால அஸர் தொழுகை முடித்து முற்றத்தில் புறாவுக்குத் தானியம் போட்டுக்கொண்டிருந்தார். இளவயதுக்காரர், வேறு ஊரிலிருந்து புதிதாக வந்தவர். நாங்கள் சொன்னதைக் கேட்டு அவருக்கே கொஞ்சம் திகைப்பு.

"எல்லைக்கு முன்னாடியே வெச்சாலும் கூடும்," என்றார். "வீட்லயே வெச்சுக்கிட்டுப் போனவங்க முந்தியெல்லாம் இருந்திருக்காங்க. ஆனா இதுல ஒரு கேள்வி இருக்கு பாய். அவங்க மனசுல நெனச்சு வெச்சாங்களா, வாயால மட்டும் படிச்சாங்களா?"

"நெனச்சுத்தான்னு சொல்றா."

"அப்ப ஆரம்பிச்சுட்டாங்க."

"சீட்டு வரலன்னா ஹஜ்ரத்?"

"போக முடியாம தடை வந்துடுச்சுன்னா, அங்க அவங்க பேர்ல ஒரு ஆடு அறுக்க யார்கிட்டயாவது சொல்லி அனுப்பணும். அறுத்ததுக்கப்புறம்தான் இங்க இவங்க வெளிய வரலாம். அப்புறம் என்னைக்காவது போய் அந்த உம்ராவைத் திருப்பிச் செய்யணும்." கொஞ்சம் தயங்கினார். "நான் சொல்றது மனசுல நெனச்சிருந்தா. நெனக்கலன்னா ஒண்ணுமே இல்ல. அதை நான் சொல்ல முடியாது, நீங்க சொல்ல முடியாது. அவங்கள நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லுங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். இல்லை, சும்மாதான் படித்தேன் என்று. எல்லாம் பழையபடி ஆகிவிடும். மல்லி வைத்துக்கொள்ளலாம், ஜவ்வாது அடைக்கலாம், சீட்டு வந்தால் போகலாம், வராவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. அத்தாவிடம் சொன்னேன். அவர் நடையை எட்டிப் போட்டார். மலையின் மேல் சாயங்கால வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்பென்னாத்தூர் பஸ் ஒன்று உரிக்காத மல்லாட்டை மூட்டைகளைக் கூரையில் ஏற்றிக்கொண்டு எங்களைப் புழுதியில் குளிப்பாட்டிவிட்டுப் போனது.

அம்மா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அத்தா அவள் எதிரில் பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஹஜ்ரத் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார், ஆட்டையும் சேர்த்து.

"யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல."

அம்மா ஒரு தண்டைக் கிள்ளினாள், இன்னொன்றைக் கிள்ளினாள். "சும்மாதான்னு சொன்னா உங்களுக்கு நிம்மதின்னு எனக்குத் தெரியுது. சொல்லிடலாம். ஆனா நான் யாருகிட்ட வெச்சேனோ, அவனுக்குத் தெரியும்ல."

அத்தா கீரைக் கட்டிலிருந்து ஒரு கொத்தை எடுத்துத் தானும் ஆய ஆரம்பித்தார். அவர் கீரை ஆய்ந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தண்டையும் சேர்த்துப் போட்டார். அம்மா அதைப் பொறுக்கி எடுத்தாள்.

"அப்ப என்னை விட்டுட்டு நீ முன்னாடியே கெளம்பிட்ட," என்றார்.

"பின்னாடியே வாங்களேன்," என்றாள் அம்மா.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுநாள் காலையில் அத்தா கடையைத் திறக்கவில்லை. உள்ளறைச் சரக்கு முழுவதையும் கைவண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோய், கூரைவரைக்கும் அடுக்கினார். தான் உட்காரவே இடமில்லாமல் ஸ்டூலைத் தெருவில் போட்டுக்கொண்டு வியாபாரம் பண்ணினார். அறையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, வேப்பிலை போட்டுத் துடைத்தோம். ஆனாலும் சுவரில் ஊறியதை என்ன செய்வது? "காத்துல வர்றதுக்கு நீ பொறுப்பில்ல," என்று அத்தா ஹஜ்ரத்திடம் திரும்பவும் போய்க் கேட்டுவந்து சொன்னார். ராத்திரிக்குத் தலையணையை எடுத்துக்கொண்டு தானாகவே கூடத்துக்குப் போய்விட்டார். நான் புத்தகத்தில் வேகமாகத் தாண்டிய வரியை அவரும் படித்திருக்கிறார் என்று தெரிந்தது. கடையிலிருந்து வந்தால் நேரே கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்.

அம்மா தலை சீவவில்லை, முடி உதிரும் என்று. வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சோப்பை விட்டுவிட்டாள். சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறினால் டப்பாவை வெயிலில் வைத்துவிட்டு, அவை ஒவ்வொன்றாக இறங்கிப் போகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எல்லாவற்றையும்விட ஆச்சரியம், அவள் சண்டை போடவில்லை. அத்தா ஒன்று சொன்னால் நாலு வருமே, ஒன்றுகூட வரவில்லை. அத்தாவுக்கு அதில் குளிர்விட்டுப்போயிற்று. சாப்பிடும்போது வேண்டுமென்றே, "குழம்புல உப்பு ஜாஸ்தி," என்பார். அம்மா உதட்டை மடித்துக்கொள்வாள்.

"இது தெரிஞ்சிருந்தா கல்யாணத்தன்னிக்கே உன்னை நிய்யத்து வெக்கச் சொல்லியிருப்பேன்."

"போய்ட்டு வந்து பேசிக்கிறேன்," என்பாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

ஆனால் அந்தப் "போய்ட்டு வந்து" சொல்லும்போதெல்லாம் மூன்று பேருடைய கண்ணும் வாசல் பக்கம் போய்விடும். தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழையும் நேரத்துக்கு அத்தா ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கடையிலிருந்து வீட்டுக்கு வருவார். தபால்காரர் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிடுவார், பாய் பாவம் நடக்க வேண்டாமே என்று.

பூக்காரம்மா ஒரு வாரம் எங்கள் வாசலைத் தாண்டித் தாண்டிப் போனாள். நான்தான் அவளை நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அம்மா மக்காவுக்குப் போக மனசுக்குள் உறுதி வைத்துவிட்டாள், அதனால் வாசனை கூடாது, பூ மேல் கோபம் இல்லை என்று. அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப காப்பு கட்டிகினாங்கன்னு சொல்லு," என்றாள். "எங்க மாரியம்மனுக்குக் காப்பு கட்டிட்டா ஊரைவிட்டுப் போவக் கூடாது. இவங்களுக்கு ஊரைவிட்டுப் போயே ஆவணும். அவ்ளோதான வித்தியாசம்? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? நான் வேற ஊரெல்லாம் திட்டிகினு திரியறேன்."

மறுநாள் வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டாள். கையில் கனகாம்பரம், நெருக்கமாகக் கட்டினது, ஆரஞ்சு நிறத்தில் சின்னத் தீ மாதிரி.

"வாசனைதானக்கா கூடாது? இதை மோந்து பாரு. ஒண்ணுமே இல்ல. பச்சத் தண்ணி மாதிரி இருக்கும். எங்க ஆளுங்களே இதை அழகுக்குத்தான் வைக்கிறது."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தை எடுத்துவர உள்ளே ஓடப் பார்த்தேன். அதற்குள் அவளே முடிவு பண்ணிவிட்டாள். வாங்கித் தலைத்துணிக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை, குர்ஆன் வைக்கிற பலகைக்குப் பக்கத்தில் ஜன்னல் கம்பியில் சுற்றினாள். அன்றிலிருந்து தினம் அந்தக் கம்பியில் கனகாம்பரம். பூக்காரம்மா அதற்குக் காசு வாங்கவில்லை. கேட்டால், "போய்ட்டு வந்து மல்லி வாங்கறப்ப சேத்துக் குடு," என்றாள். அவளும் அதையேதான் சொன்னாள், போய்ட்டு வந்து.

பிறகு ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து சரக்கு வாங்க வந்த ஒருவர், முதல் கப்பல் கிளம்பிவிட்டது, இரண்டாவதும் நிறைந்துவிட்டதாம் என்று கடையில் சொல்லிவிட்டுப் போனார். அத்தா அதை எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குக் குளித்துவிட்டு வந்தவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

"வாணியம்பாடியில நமக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு போறாராம். ஒரு வார்த்தை சொல்லிவெச்சா, அந்த ஆடு விஷயம்..."

அம்மா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைச் சட்டியில் வைத்தாள். சண்டைக்கு வருவாள் என்றுதான் நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஆட்டைப் பத்தி இப்பப் பேசாதீங்க," என்றாள். "எனக்குக் கூட்டம் தெரியாது, கப்பல் தெரியாது, பாஷை தெரியாது. எதைப் பத்தியும் தைரியம் இல்ல. ஒண்ணே ஒண்ணு, கெளம்பிட்டோம்னு மட்டும் தெரியும். அதையும் எடுத்துட்டீங்கன்னா நான் இந்த வீட்ல சும்மா தலையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்னு ஆயிடும்."

அவள் அழவில்லை. அத்தா கையை அலம்பிவிட்டு வந்து அவளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். தொட வேண்டுமென்றுதான் வந்திருப்பார். தொடாமல் உட்கார்ந்திருந்தார். என்ன நினைத்தாரோ, கொடியிலிருந்து மடித்து அலமாரியில் வைத்திருந்த தன் வெள்ளைத் துணி இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தார்.

"நீ வெச்சிரு," என்றார். "நான் வெக்கிறப்ப நீ எடுத்துக் குடு."

ஆட்டைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவில்லை. வாணியம்பாடிக்காரருக்கும் சொல்லி அனுப்பவில்லை.

தந்தி வந்த அன்று தபால்காரர் கையை விரித்துக் காட்டவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டே வந்தார். அத்தா படித்தார். இரண்டு பேருக்கும் இடம், உடனே புறப்பட்டு வரவும். அவர் அதையே மூன்று தரம் படித்துவிட்டு என்னிடம் கொடுத்து, "இங்கிலீஷ், நீ படி. சரியாத்தான இருக்கு?" என்றார். நான் உள்ளே ஓடினேன். அம்மா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் அலசிக்கொண்டிருந்த துணியைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டுவிட்டு வந்தாள். "அப்ப கெளம்பலாம்," என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை வழியனுப்ப, தெரிந்தவர்கள் எல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார்கள். மாலை போடுவார்கள், அத்தர் பூசுவார்கள், பன்னீர் தெளிப்பார்கள். எல்லோரும் எங்கள் கடையில் வாங்கிய பன்னீரோடுதான் வந்திருந்தார்கள். வேலூர் பஸ் பக்கத்தில் செம்புகள் பளபளத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அத்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கஅபாவுக்குப் போர்த்திய அதே குடைத்துணியை நான் திரும்பவும் கம்பிகளில் தைத்துவைத்திருந்தேன். அந்தக் குடையைப் படுக்கைவாட்டில் விரித்து, அம்மாவை அதன் பின்னால் மறைத்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து பஸ்ஸில் ஏற்றினார். "என் மேல தெளிங்க, என் மேல தெளிங்க," என்று கத்திக்கொண்டே போனார். நாள் முழுக்க பன்னீர் விற்கிற மனிதர் பன்னீருக்குப் பயந்து ஓடுவதைப் பார்த்துக் கண்டக்டர் விசில் ஊத மறந்து சிரித்தார். ஆனால் அவர் மேல் தெளிக்கவும் யாருக்கும் மனம் வரவில்லை. பக்கத்தில்தானே உட்காரப் போகிறார். பூக்காரம்மா ஜன்னல் வழியாகக் கனகாம்பரத்தை நீட்டினாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சுடும்மா," என்றாள். "நான்தான்கா ஜாஸ்தியா பேசுனேன்," என்றாள் அவள். பஸ் நகர்ந்தது.

மற்றதெல்லாம் அவர்கள் திரும்பி வந்து சொல்லித் தெரிந்தது. கப்பலில் எல்லை நெருங்கி ஊதல் ஊதியதும், பெண்கள் பகுதியில் எல்லோரும் அழுதுகொண்டே நிய்யத்து வைத்தார்களாம். பக்கத்தில் இருந்த திருச்சிக்கார அம்மா, "நீங்க வெக்கலையா?" என்று கேட்டிருக்கிறார். "நான் வீட்லயே வெச்சுட்டேன்," என்று அம்மா சொல்ல, அந்த அம்மா இவள் தலைத்துணியிலிருந்து கால்வரைக்கும் பார்த்துவிட்டு, ஒட்டி உட்கார்ந்துகொண்டாராம். மேல்தளத்தில் அத்தாவுக்கு அந்த இரண்டு துணிகளை எடுத்துக் கொடுத்தது அம்மாதான்.

மக்காவில் சுற்றி முடித்து, நடந்து முடித்து, அத்தா மொட்டை போட்டுக்கொண்டு வந்து, அம்மாவின் பின்னல் நுனியைப் பிடித்து விரற்கடை அளவு கத்தரித்தார். அவ்வளவுதான், உம்ரா முடிந்தது. முடிந்ததும் அவர் இடுப்புப் பெல்ட்டுக்குள் கைவிட்டு, பாலிதீனில் சுற்றி, அதற்கு மேல் துணி சுற்றி, நூல் போட்டுக் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால் ஜவ்வாதுச் சிமிழ். ஒத்திகைக்கு முந்தின நாள் அம்மா அடைத்த கடைசி முறத்திலிருந்து எடுத்தது. பஸ், ரயில், கப்பல் எல்லாம் தாண்டி வந்திருக்கிறது. அத்தா மூடியைத் திருகினார். வரவில்லை. நகத்தால் நெம்பினார். வரவில்லை. அந்தக் கூட்டத்தில், வெயிலில், மொட்டைத் தலையோடு, மூடியைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தார்.

"அறிவிருக்கா உங்களுக்கு? பல்லு போனா யார் கட்டித் தர்றது? இவ்ளோ தூரம் வந்துதான் இந்த வேலையைப் பண்ணணுமா, ரூம்ல போய்த் தொறந்தா ஆகாதா?" என்று அம்மா ஆரம்பித்திருக்கிறாள்.

அத்தா இதை எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் அம்மா முறத்தில் சிமிழ்களைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தலையில் இரண்டு முழம் மல்லி.

"நாலு சொன்னா," என்றார் அத்தா. "எண்ணிக்கிட்டே இருந்தேன். அப்பத்தான் எனக்கு இவ உம்ரா முடிஞ்சதுன்னு நம்பிக்கை வந்துது."

"அஞ்சு," என்றாள் அம்மா, ஒரு மூடியை அழுத்தியபடி.